எதிர்க்காற்று

டஞ்சனெஸ் கரைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் முதல் நாள் இரவு வானிலை வரைபடத்தைத்தான் பார்க்கிறார்கள். அவர்கள் தேடுவது நல்ல நாளை அல்ல. ஸ்காண்டிநேவியாவின் மேல் வானம் தெளிந்திருக்க வேண்டும். பறவைகள் நம்பிக் கிளம்ப அது போதும். காற்று கிழக்கிலிருந்து வீச வேண்டும். பிறகு, விடிவதற்குச் சற்று முன்னால், வடகடலின் மேல் மூடுபனியோ மழையோ இறங்க வேண்டும். மூன்றும் ஒரே இரவில் கூடி வந்தால் மறுநாள் காலையில் கரையோரப் புதர்கள் முழுக்கப் பறவைகள். கூடி வராவிட்டால் வெறும் புதர்கள். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் அக்டோபர் மாதத்தில் ஒரு பறவை ஆர்வலரின் பிரார்த்தனை, நடுக்கடலில் ஒரு குருவிக்கு வழி தப்பட்டும் என்பதுதான்.

டஞ்சனெஸ் இங்கிலாந்தின் தென்கிழக்கில், கெண்ட் பகுதியில், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் கூழாங்கல் நிலம். மணல் என்று சொல்ல அதிகம் இல்லை. சிக்கிமுக்கிக் கற்கள், பழுப்பும் சாம்பலுமாக, புயல் புயலாக அலைகள் ஒதுக்கிப் போட்டவை. ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளாக ஒதுங்கியவை வரிசை வரிசையான மேடுகளாகக் கிடக்கின்றன. நடந்தால் கல் நழுவும். பத்தடி வைப்பதற்குள் கணுக்கால் வலிக்கும். கல்லின் சத்தத்தில் பேச்சு கேட்காது. இங்கிலாந்தின் ஒரே பாலைவனம் என்று பத்திரிகைகள் எழுதும். அந்நாட்டு வானிலைத் துறை அதை மறுத்துவிட்டது, மழை அங்கே போதுமான அளவுக்குப் பெய்கிறது. அறுநூறு வகைத் தாவரங்கள் அந்தக் கல்லுக்குள் வேர் இறக்கியிருக்கின்றன.

அந்த நிலத்தில் மனிதர்கள் வைத்தவை எல்லாம் தற்செயலாக இறக்கிவிட்டுப் போனவைபோல இருக்கின்றன. தார் பூசிய மீனவக் குடில்கள், இரண்டு அணுமின் நிலையங்கள், இரண்டு கலங்கரை விளக்கங்கள், 1927ல் ஓடத் தொடங்கிய குட்டி ரயில். திரைப்பட இயக்குநர் டெரக் ஜார்மன் எண்பதுகளின் பிற்பகுதியில் வாங்கி, 1994ல் இறக்கும்வரை கல்லிலும் துருப்பிடித்த இரும்பிலும் தோட்டம் போட்ட கறுப்பு வீடும் அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்க்கத் தனிக் கூட்டம் வரும். அந்தக் கூட்டமும் பறவைக் கூட்டமும் ஒன்றையொன்று அதிகம் கண்டுகொள்வதில்லை.

பறவைகள் ஏன் இங்கே? எதிரே பிரான்ஸ் நாற்பது கிலோமீட்டர் சொச்சம்தான். பகலில் பறக்கும் தகைவிலான்களும் நெட்டைக்காலிகளும் கடலைத் தாண்டத் தயங்கிக் கரையை ஒட்டியே வரும். கரை முடியும் முனையில் வந்து குவியும். அங்கேதான் 1952ல் ஒரு பறவை ஆய்வகம் தொடங்கினார்கள். பழைய வீட்டு வரிசை ஒன்றின் கடைசி வீடு அது. அன்று முதல் பார்த்தது, எண்ணியது, பிடித்துக் காலில் வளையமிட்டது எல்லாம் அங்கே பதிவேட்டில் ஏறிக்கொண்டிருக்கின்றன.

செப்டம்பரில் அந்த முனையில் நின்று தகைவிலான்களைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்துவிடும். காற்று முதுகுக்குப் பின்னால் இருந்தால் அவை உயரத்தில் போய்விடும், கண்ணுக்குச் சிக்காது. எதிர்க்காற்று வீசினால்தான் தாழ வரும். கல்லுக்கு ஒரு முழம் மேலே, முழங்காலைத் தொட்டுவிடும் உயரத்தில், ஒவ்வொன்றும் காற்றைக் கிழித்துக்கொண்டு, பின்வாங்கி, மறுபடி முன்னேறி. நம் ஊர் மின்கம்பிகளில் செப்டம்பரில் வந்து உட்காரும் தகைவிலானின் அதே இனம்தான், வேறு நாட்டுக் கூட்டம். இவை போவது தென் ஆப்பிரிக்காவுக்கு. ஒரு மணி நேரத்தில் எத்தனை கடந்தன என்று கையில் எண்ணும் கருவியை அழுத்திக்கொண்டே நிற்கிறார்கள். பதிவேட்டில் பெரிய எண் விழும். ஆனால் அன்று அதிகம் பறவைகள் போயின என்று அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. அன்று போவது கஷ்டமாக இருந்தது என்றுதான் அர்த்தம்.

பறவைகளின் வலசையைப் பற்றி மனிதனுக்குத் தெரிய வந்ததில் கணிசமான பகுதி இப்படித் தடுக்கப்பட்ட பறவைகளிடமிருந்து வந்தது. 1880களில் பிரிட்டனின் கலங்கரை விளக்கக் காவலர்களுக்கும் விளக்குக் கப்பல்களுக்கும் படிவங்கள் அனுப்பப்பட்டன. எந்த இரவில் எந்தப் பறவை கண்ணாடியில் வந்து மோதியது என்று எழுதுங்கள், பெயர் தெரியாவிட்டால் இறக்கையை வெட்டி அனுப்புங்கள். நிலவில்லாத, மூட்டமான இரவுகளில் விளக்கின் சுழலும் கதிர்களுக்குள் சிக்கிக்கொள்ளும் பறவைகள் வெளியேறத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்து, களைத்து, கண்ணாடியில் மோதி, காலையில் கோபுரத்தின் அடியில் கிடக்கும். அந்தக் குவியல்களே தரவு. அந்தப் படிவங்களைத் தொகுத்தவர் வில்லியம் ஈகிள் கிளார்க். காகிதம் போதாது என்று அவர் 1901ன் இலையுதிர்காலத்தில் எடிஸ்டோன் பாறையின் கலங்கரை விளக்கத்தில் ஒரு மாதம் போய்த் தங்கினார். இரண்டு ஆண்டு கழித்து தேம்ஸ் முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த கெண்டிஷ் நாக் விளக்குக் கப்பலில் இன்னொரு மாதம். 1912ல் அவர் வெளியிட்ட இரண்டு தொகுதிகள் இன்றும் படிக்கத்தக்கவை. அவற்றில் உள்ள அறிவின் பெரும்பகுதி சாவுகளின் கணக்கு என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

டஞ்சனெஸ்ஸில் 1904ல் கட்டிய கலங்கரை விளக்கத்தை அணுமின் நிலையம் மறைத்துவிட்டதால் 1961ல் புதிதாக ஒன்று கட்டினார்கள். கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு மெலிந்து உயர்ந்த கோபுரம். அதை இரவில் அடியிலிருந்து நுனிவரை ஒளிவெள்ளத்தில் நிறுத்துகிறார்கள். கப்பல்கள் அடையாளம் காண்பதற்காக மட்டுமல்ல, கோபுரம் முழுதும் தெரிந்தால் மோதிச் சாகும் பறவைகள் குறைகின்றன என்று தெரிய வந்திருப்பதாலும்தான். அந்த இறந்த இறக்கைகளுக்கு இவ்வளவாவது பயன் கிடைத்தது.

வளையமிடுவதும் இதே கதைதான், கொஞ்சம் மென்மையாக. டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்டென்சன் 1899ல் ஸ்டார்லிங் பறவைகளின் காலில் எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டினார். பிரிட்டனில் 1909ல் இந்த வேலை தொடங்கியது. 1911 மே மாதம் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஜான் மேஸ்ஃபீல்டு என்பவர் தன் வீட்டில் கூடு கட்டியிருந்த ஒரு தகைவிலானுக்கு வளையம் போட்டார். 1912 டிசம்பரில் தென் ஆப்பிரிக்காவின் நேட்டாலில் ஒரு பண்ணை வீட்டுக்குள் அது பிடிபட்டது. வளையத்தைப் பார்த்த ஒருவர் லண்டனுக்குக் கடிதம் எழுதினார். பிரிட்டனின் தகைவிலான் குளிர்காலத்தில் எங்கே போகிறது என்பதற்குக் கையில் கிடைத்த முதல் சான்று அந்தக் கடிதம். பிடிபடாமல் போயிருந்தால் கடிதம் இல்லை. இன்றும் வளையமிட்ட சின்னப் பறவைகளில் நூற்றுக்கு ஒன்றுகூடத் திரும்பத் தகவல் தருவதில்லை. தருகிறவற்றில் பல பூனை பிடித்தவை, கண்ணாடியில் மோதியவை, சாலையோரம் கிடந்தவை. பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததைப் பற்றி நமக்கு யாரும் எழுதுவதில்லை.

முனைக்கு உள்ளே, ஜல்லி தோண்டிய குழிகளில் நீர் நிறைந்த இடத்தில், மூன்று கான்கிரீட் உருவங்கள் நிற்கின்றன. இரண்டு குழிந்த வட்டங்கள், ஒரு வளைந்த சுவர். சுவரின் நீளம் 200 அடி. ரேடாருக்கு முன்னால், 1928க்கும் 1930க்கும் இடையில், ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி வரும் விமானங்களின் ஓசையைக் குவித்துக் கேட்பதற்காகக் கட்டியவை. மனிதர் ஒருவர் காதில் குழாயை மாட்டிக்கொண்டு வானத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். விமானத்தின் வேகம் கூடக்கூட, கேட்பதற்கும் வந்துவிடுவதற்கும் நடுவே இருந்த நிமிடங்கள் குறைந்துகொண்டே போயின. 1935ல் ரேடார் சோதனை வெற்றியடைந்ததும் இந்த ஓசைக் கண்ணாடிகள் கைவிடப்பட்டன.

அந்த ரேடார்தான் பிறகு பறவைகளின் கதையைப் புரட்டிப்போட்டது. போர்க் காலத்தில் திரையில் விமானம் இல்லாத இடத்தில் புள்ளிகள் நகர்ந்தன. இயக்கியவர்கள் அவற்றைத் தேவதைகள் என்றார்கள். ராணுவ ஆய்வில் இருந்த பறவையியலாளர் டேவிட் லேக், அவை பறவைகள் என்றார். 1945ல் ஜார்ஜ் வார்லியுடன் சேர்ந்து எழுதியும் வைத்தார். இவ்வளவு சிறிய உடல் திரையில் தெரியாது என்று இயற்பியலாளர்கள் பல வருடங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஐம்பதுகளின் கடைசியில் கிழக்கு இங்கிலாந்தின் ரேடார் திரைகளைப் படம் பிடித்து லேக் ஆராய்ந்தபோது தெரிய வந்தது கரையோரப் பார்வையாளர்களுக்கு இனிப்பான செய்தி அல்ல. வலசையின் பெரும்பகுதி தெளிந்த இரவுகளில், சாதகமான காற்றில், கண்ணுக்கு எட்டாத உயரத்தில், எந்த முனையையும் பொருட்படுத்தாமல் அகன்ற முகப்பாக நாட்டின் மேல் கடந்துவிடுகிறது. கரையில் நின்று எண்ணியவர்கள் கண்டது ஓரத்தில் சிந்தியதை.

இதைப் படித்த பிறகும் அவர்கள் எண்ணுவதை நிறுத்தவில்லை. நிறுத்தவும் கூடாது என்பதுதான் என் கட்சி. எழுபது ஆண்டு காலம் ஒரே முனையில், ஒரே முறையில் எண்ணிய கணக்கு, மொத்தத்தைச் சொல்லாவிட்டாலும் மாற்றத்தைச் சொல்லும். வேடிக்கை என்னவென்றால், இப்போது இளைஞர்கள் இரவில் கூரைமேல் ஒலிவாங்கியை வைத்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். காலையில் கணினியில் ஒலியின் வரைபடத்தைப் பார்த்து, இருட்டில் கடந்துபோன ரெட்விங் பறவைகளின் மெல்லிய சீழ்க்கையை எண்ணுகிறார்கள். கான்கிரீட் சுவர் கைவிட்ட வேலை வேறு கைக்கு மாறியிருக்கிறது. அக்டோபர் இரவில் கதவைத் திறந்துவைத்துக் காது கொடுத்தால் கருவி இல்லாமலும் அது கேட்கும். இந்தப் பறவை பார்க்கும் கலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்: தடுக்கப்படாமல் போகிறவற்றை நம் காதுக்கே அறிவிக்கும் வழி.

கரையில் இறங்குகிறவை யார்? பெரும்பாலும் அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள். இலையுதிர்காலத்தில் கடலோரங்களில் இளம் பறவைகளின் பங்கு அதிகம் என்பதை வளையமிடுகிறவர்கள் நெடுநாளாக அறிவார்கள். இதைப் புரிந்துகொள்ள நெதர்லாந்தின் பெர்டெக் 1958ல் வெளியிட்ட சோதனை உதவும். ஹேக் நகரருகே வலசையில் பிடித்த பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டார்லிங்குகளை விமானத்தில் ஸ்விட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். முன்பே ஒருமுறை போய்வந்த வயது வந்த பறவைகள் இடம் மாறிவிட்டதை உணர்ந்து வடமேற்காகத் திரும்பி, வழக்கமான குளிர்கால நிலத்தை நோக்கிப் போயின. முதல் பயணத்தில் இருந்த இளசுகள், பெற்றோரிடமிருந்து வாங்கி வந்த திசையை விடாமல் பிடித்துக்கொண்டு, ஸ்பெயினில் போய் இறங்கின. திசை பிறப்பில் வருகிறது, இடம் அனுபவத்தில்தான் வருகிறது. காற்று ஒரு குஞ்சைக் கடலின் மேல் தள்ளிவிட்டால் தள்ளப்பட்டோம் என்பது அதற்குத் தெரியாது.

அப்படி வந்தவற்றில் என்னை நிற்கவைத்தது கோல்ட்கிரெஸ்ட். தலையில் மஞ்சள் கோடு போட்ட, பிரிட்டனின் மிகச் சிறிய பறவை. ஐந்தாறு கிராம்தான், நம் ஐந்து ரூபாய் நாணயத்தின் எடைக்கு மேல் இல்லை. அது வடகடலைக் கடந்து வருகிறது. இறங்கிய காலையில் அதற்கு மனிதனைக் கண்டு விலகத் தெம்பு இருக்காது. புதர் கிடைக்காமல் கல்லின் மேலேயே, நம் காலணிக்குப் பக்கத்தில், பூச்சி தேடிக்கொண்டிருக்கும். சுற்றி நின்றவர்கள் எவ்வளவு சாதுவாக இருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பசியைச் சாது என்று எடுத்துக்கொள்வது மனிதர்களிடையேயும் உண்டு. அதே சமயம் நூறடி தள்ளி இன்னொரு கூட்டம், தொலைநோக்கிகள் எல்லாம் ஒரு மரத்தை நோக்கி: சைபீரியாவிலிருந்து வந்த மஞ்சள் புருவக் கதிர்க்குருவி. தென்கிழக்கு ஆசியாவில் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டிய இனம் இது. ஐரோப்பாவின் மேற்குக் கரையில் இப்போது ஆண்டுதோறும் அதிகம் தென்படுகிறது. வழி தவறியவையா, புதிய வழி கண்டவையா என்பது விவாதத்தில் இருக்கிறது. கூட்டத்துக்கு அந்த விவாதம் முக்கியமில்லை. அரியது, அவ்வளவுதான். பறவை தன் இனத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகி வந்ததோ அவ்வளவு மதிப்பு. இந்த அளவுகோல் எனக்கு ஒருபோதும் ஒத்துவந்ததில்லை.

பார்க்கிறவன் தடுக்கப்பட்டு, பறவை போய்க்கொண்டிருந்த காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதாகி வார்பர்க் முகாமில் இருந்த ஜான் பக்ஸ்டன், பீட்டர் காண்டர், ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் ஆகியோர் கம்பிவேலிக்குள்ளிருந்தே பறவைகளைக் குறித்து வந்தார்கள். விடுதலைக்குப் பின் வாட்டர்ஸ்டன் 1948ல் ஸ்காட்லாந்தின் ஃபேர் தீவில் பறவை ஆய்வகம் தொடங்கினார். சிறைக்குறிப்புகள் பக்ஸ்டனின் புத்தகமாக 1950ல் வந்தன. எண்ணுவதற்கு அவர்களுக்கு நேரம் மட்டும்தான் இருந்தது.

டஞ்சனெஸ்ஸில் கல்லும் வலசை போகிறது. மேற்கிலிருந்து வரும் அலைகள் தென்கரையின் கற்களைச் சுரண்டிக் கிழக்குக் கரையில் சேர்க்கின்றன. முனை மெல்லக் கிழக்காக நகர்கிறது. அணுமின் நிலையத்தைத் தென்கரையில் கட்டிவிட்டதால், கிழக்கில் சேர்ந்த கல்லை லாரிகளில் ஏற்றி மறுபடியும் தெற்கில் கொட்டுகிறார்கள். பல பத்தாண்டுகளாக. கடைசி உலைகள் 2018ல் நின்றுவிட்டன, இனி இயங்காது என்று 2021ல் அறிவித்தார்கள், லாரிகள் நிற்கவில்லை. உலை ஓடிய நாட்களில் அது கடலில் விட்ட வெந்நீர் ஓடையில் கடற்காகங்களும் ஆலாக்களும் மொய்த்தன. உலை நின்றதும் அந்த மொய்ப்பும் போயிற்று.

இதே கரையில் கடந்த சில ஆண்டுகளாக மனிதர்களும் இறங்குகிறார்கள். ரப்பர் படகுகளில் வருகிறவர்களை டஞ்சனெஸ்ஸின் உயிர்காப்புப் படகு ஏற்றிக் கரைசேர்க்கிறது. 2021 நவம்பர் 24 அன்று கால்வாயில் ஒரு படகு மூழ்கி குறைந்தது 27 பேர் இறந்தார்கள். பறவைகளுக்கு எல்லை கிடையாது என்ற வரி இங்கே எல்லோர் பேனாவிலும் தானாக வந்து நிற்கும். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் படகில் வந்து மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டவர்களை அறிந்த நாம் அந்த வரியை எழுத முடியாது. பறவைக்கும் எல்லைகள் இருக்கின்றன. ஆனால் அதனிடம் யாரும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை, தெளிவான இரவில் கிளம்பும் உரிமையாவது அதற்கு இருக்கிறது.

பறவையின் எல்லை எப்படிப்பட்டது என்பதற்கு அந்தக் கரையின் பெயரைச் சுமக்கும் பறவையே சாட்சி. கெண்டிஷ் உப்புக்கொத்தி. உள்ளங்கையில் அடங்கும், கழுத்தில் முழுமையாகச் சேராத கறுப்புப் பட்டை கொண்ட, கரையில் ஓடி ஓடி நின்று கொத்தும் சிறு பறவை. கெண்ட்டின் சான்ட்விச் அருகே கிடைத்த பறவைகளைக் கொண்டு லேத்தம் என்ற பறவையியலாளர் அதற்கு அந்தப் பெயரைத் தந்தார். திறந்த கல்லில், மணலில், ஒரு சிறு குழி, அதுதான் கூடு. முட்டையின் நிறம் தரையின் நிறம். அது ஒரு பாதுகாப்பு, மனிதர்கள் வரும்வரை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முட்டை சேகரிப்பவர்கள் வந்தார்கள். அது அரிதாக ஆக ஆக முட்டையின் விலை ஏறியது. பிறகு கரையில் வீடுகள், ரயில், விடுமுறைக் கால நடமாட்டம். ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைப் பாதுகாப்புக் கழகம் 1930களின் தொடக்கத்தில் டஞ்சனெஸ்ஸில் நிலம் வாங்கத் தொடங்கியதில் இந்தக் கரைப் பறவைகளைக் காக்கும் எண்ணமும் இருந்தது. உப்புக்கொத்திக்கு அது பிந்திவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கெண்ட்டில் அது ஆண்டுதோறும் கூடு வைப்பது நின்றுபோயிற்று. இப்போது வலசைக் காலத்தில் எப்போதாவது ஒன்று தென்பட்டால் அதுவே செய்தி. கடலைக் கடந்து, புயலைக் கடந்து வந்த இனத்தைத் தடுத்தது நடந்துபோன கால்கள்.

இதில் நமக்கு நேரடியாக ஒரு பங்கு இருக்கிறது. அந்த இனத்தின் வடக்குக் கூட்டங்கள் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் நம் கோடியக்கரைக்கு வருகின்றன. இலங்கையிலும் தென்னிந்தியக் கரையிலும் வலசை போகாமல் வாழும் ஒரு கூட்டத்தை நெடுங்காலம் அதன் கிளையினமாகவே வைத்திருந்தார்கள். 2023ல் மரபணுவையும் உடல் அளவையும் ஒப்பிட்டுத் தனி இனம் என்று பிரித்தார்கள். ராமர் பாலத்துக்கு இரண்டு பக்கமும் வாழ்வதால் அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர். தனுஷ்கோடி மணலிலும் மன்னார்க் கரையிலும் நம் காலடியில் ஓடுவது அதுவாக இருக்கலாம். அங்கே போகிறவர்கள் காரையோ ஜீப்பையோ மணலில் இறக்க வேண்டாம். சாலையில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள். ஒரு சின்னப் பறவை இறக்கை ஒடிந்ததுபோல முன்னால் இழுத்து இழுத்து ஓடினால் அதன் பின்னால் போகாதீர்கள், படம் எடுக்க நிற்காதீர்கள். வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள். முட்டை உங்கள் காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.